காத்தாடிப் படிப்பு

மே 8, வியாழன்

கெசியாவின் பிளஸ் டூ முடிவு காலையில் வந்தது. இயற்பியலில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். கணிதத்தில் அவள் நினைத்ததைவிடக் குறைவு. கைப்பேசியை என் கையில் கொடுத்துவிட்டு, துவைத்த துணியைக் காயப்போட மாடிக்குப் போய்விட்டாள். அழுகிறாளோ என்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அழவில்லை. கொடியில் துணியை உதறிப் போட்டபடி தெற்கே காத்தாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காற்றாலை என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். எங்கள் பக்கத்தில் அது காத்தாடிதான். பணகுடியைத் தாண்டினால் வயலுக்கு ஒன்று நிற்கிறது. இந்த வருடம் காற்று தாமதம். பாதிக்கு மேல் சுற்றவில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஒன்றின் அடிவாரத்துக்குக்கூடப் போனதில்லை.

மாலையில் ராஜமணி அத்தான் லட்டோடு வந்தார். என் வீட்டுக்காரரின் அண்ணன். "எஞ்சினியர் அம்மா எங்க?" என்று வாசலிலிருந்தே கேட்டார்.

மே 9, வெள்ளி

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதால் என் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து கூப்பிடும் நாள். மகளிடம் வெகுநேரம் பேசினார். பிறகு என்னிடம், அண்ணனிடம் எல்லாம் பேசியாகிவிட்டது, பொறியியல்தான் என்றார்.

"நாலு வருசம் கஷ்டப்பட்டாப் போதும். அப்புறம் ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர் பாப்பா. மெஷின் பக்கமே போக வேண்டாம், பாத்துக்கோ."

அவர் முன்பு அங்கே இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டர். இரண்டு வருடமாகச் சாமான்கள் வைக்கும் ஸ்டோரில் இருக்கிறார். சம்பளம் குறைவு, ஆனால் நிழல் வேலை. யாராவது ஊருக்கு வந்து திரும்பினால் பனியன் துணியில் சட்டை நான்கு கொடுத்துவிடச் சொன்னார். பட்டன் வைத்தது வேண்டாம் என்றார். அங்கே வெயில் அதிகம்.

பேசி முடித்து அரிசி களைந்துகொண்டிருந்தபோது கெசியா வந்து அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்தாள். காவல்கிணறு விலக்கு ரோட்டில் ஒரு சமுதாயக் கல்லூரி இருக்கிறதாம். காத்தாடி பராமரிப்பு, ஓராண்டுப் பட்டயம். அதில் சேர வேண்டும் என்றாள். எப்போதிருந்து இந்த நினைப்பு என்று கேட்டேன். பதினொன்றாம் வகுப்பிலிருந்து என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க யாரும் கேக்கலியே" என்றாள்.

அரிசியை இரண்டு தடவை களைந்துவிட்டேன்.

மே 12, திங்கள்

அத்தானிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை.

"சமுதாயக் கல்லூரியா? எந்தச் சமுதாயத்துக்காரன் நடத்துதான்?"

"எந்தச் சமுதாயமும் படிக்கலாம் பெரியப்பா. பத்தாங் கிளாஸ் பெயிலு கூட சேரலாம்" என்றாள் கெசியா.

"அப்பம் உனக்கு எதுக்கு அது? நீதான் பாசாயிட்டியே."

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் சுருக்கமாகப் பேசினார். பொம்பளைப் பிள்ளை காத்தாடி மேலே ஏறுவதை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. விழுந்தால் எடுக்க எலும்பு மிஞ்சாது. நாகர்கோவில் பக்கத்தில் அவருக்குத் தெரிந்த பொறியியல் கல்லூரியில் சொல்லி வைத்திருக்கிறார். ஜூன் ஏழாம் தேதிக்குள் முன்பணம் கட்ட வேண்டும்.

அவருடைய மகன் பிரின்ஸ் பொறியியல் முடித்தவன்தான். மூன்று வருடமாக நாகர்கோவிலில் ஒரு செல்போன் கடையில் கணக்குப் பார்க்கிறான். அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மே 17, சனி

பொறியியல் கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தோம். வாசலே கோவில் கோபுரம் போல இருக்கிறது. உள்ளே குளிர்சாதன அறையில் உட்கார வைத்துப் பழரசம் கொடுத்தார்கள். ஒரு பெண் கணினியில் படம் காட்டினார். அதில் எல்லாப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

கெசியா பணிமனையைப் பார்க்க வேண்டும் என்றாள். சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறாராம். கண்ணாடி வழியாகப் பார்த்தோம். இயந்திரங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் கெசியா தூங்கிவிட்டாள். அத்தான் அவள் தலை ஜன்னலில் இடிக்காமல் தன் துண்டை மடித்து வைத்தார். நல்ல மனிதர்.

மே 19, திங்கள்

உட்கார்ந்து யோசித்தேன். பொறியியல் என்றால் முதல் வருடத்துக்கு மட்டும் என் வீட்டுக்காரரின் ஐந்து மாதச் சம்பளம். மீதிக்கு நாங்குநேரி ரோட்டு மனையை அடகு வைக்க வேண்டும். அந்த மனையில்தான் வீடு கட்டி அவர் ஊரோடு வந்துவிடுவது என்று பேச்சு. அது இன்னும் நாலைந்து வருடம் தள்ளிப் போகும்.

சமுதாயக் கல்லூரிக்கு மொத்தப் படிப்புக்குமே என்னுடைய இரண்டு மாதச் சம்பளம் போதும். அங்கன்வாடி டீச்சர் சம்பளம் ஊருக்கே தெரியும்.

அவரைக் கூப்பிட்டுக் கெசியாவின் ஆசையைச் சொன்னேன், செலவை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். "நீ பாத்துச் சொல்லு" என்றார். இருபது வருடத்தில் இந்த மாதிரி விஷயத்தில் அவர் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

மே 24, சனி

இன்று சமுதாயக் கல்லூரி. அத்தான் வரவில்லை. மாதாகோவிலுக்குப் பின்னால் இரண்டு தகரக் கொட்டகை, ஓர் ஓட்டுக் கட்டடம், நடுவில் வேப்பமரம். வாசல் என்று ஒன்று தனியாக இல்லை. இதற்குப் போய்க் கல்லூரி என்று பெயரா என்றுதான் எனக்குத் தோன்றியது.

கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கம் போனதும் நின்றுவிட்டேன்.

தரையில் காத்தாடி இறக்கை ஒன்று கிடந்தது. முறிந்துபோனதாம், ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுத்ததாம். தூரத்திலிருந்து பார்க்கும்போது அது ஒரு வெள்ளைக் கீற்று. இங்கே எங்கள் தெரு நீளத்துக்குக் கிடந்தது. நுனியிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். நுனியில் என் கை அகலம்தான். நடக்க நடக்க அகலமாகி, பாதியில் என் இடுப்பு உயரம் வந்து, அடிப்பக்கம் போனபோது என் தலைக்கு மேலே போய்விட்டது. அடிப்பக்கம் வட்டமாகத் திறந்திருந்தது. உள்ளே வெறுமை. எங்கள் அங்கன்வாடிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அதற்குள் பாய் விரித்துத் தூங்க வைக்கலாம். வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். முட்டை ஓடு போல இருந்தது. இவ்வளவு பெரிய ஒன்றை, கண்ணுக்குத் தெரியாத காற்று தூக்கிச் சுற்றுகிறது என்பதை இத்தனை வருடம் பார்த்தும் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"எல்லாரும் இப்படித்தான் டீச்சர், இதப் பாத்த பிறகுதான் ஆபீசுக்கு வருவாங்க" என்றார் ஒருவர். அவர்தான் பயிற்றுநர் ஆவுடையப்பன். பல வருடம் காத்தாடிகளில் வேலை பார்த்துவிட்டு, முழங்கால் வலி வந்ததால் கற்றுக்கொடுக்க வந்தவர்.

வேலை கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கும் என்றார். முதல் இரண்டு வருடம் சம்பளம் சுமார்தான். இந்தப் பக்கமே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. குஜராத், ராஜஸ்தான் என்று எங்கே காற்று அடிக்கிறதோ அங்கே போக வேண்டும். சில கம்பெனியில் பெண்களை எடுப்பதில்லை. எடுத்தாலும் அலுவலகத்தில் உட்கார வைக்கப் பார்ப்பார்கள், சண்டை போட்டுத்தான் மேலே ஏற வேண்டும். இதுவரை இரண்டு பெண்கள் படித்திருக்கிறார்கள். ஒருத்தி குஜராத்தில் கச்சுப் பக்கம் வேலை பார்க்கிறாள். இன்னொருத்தி கல்யாணம் முடிந்து விட்டுவிட்டாள். மேற்கொண்டு பாலிடெக்னிக் படிக்க நினைத்தால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், ஆனால் அது லேசான காரியம் இல்லை.

பழரசம் கொடுக்கவில்லை. கெசியாவுக்குப் பணிமனையைத் திறந்து காட்டினார்கள். அவள் வெளியே வந்தபோது சுடிதார் முழுக்க கிரீஸ்.

மே 25, ஞாயிறு

ஆராதனையில் பிரசங்கம் எதுவும் காதில் ஏறவில்லை. அங்கன்வாடிச் சுவரில் இந்தியப் படம் இருக்கிறது. கச்சு எங்கே இருக்கிறது என்று திங்கட்கிழமை பார்க்க வேண்டும். தூரம் எனக்கு ஒரு பொருட்டல்ல. சும்மா தெரிந்துகொள்வதற்கு.

மே 26, திங்கள்

படத்தில் சுண்டுவிரலை நம் ஊரில் வைத்துக் கையை விரித்தால், கட்டைவிரல் கச்சுக்கு எட்டவில்லை.

ஜூன் 4, புதன்

சேரப் போகிறவர்களையும் பெற்றோரையும் ஒரு நாள் காத்தாடிக்கே கூட்டிப் போவது ஆவுடையப்பன் சாரின் வழக்கமாம். ஓடாமல் நிறுத்தி வருடாந்திர வேலை நடக்கும் காத்தாடி ஒன்று ஆவரைகுளம் பாதையில் இருக்கிறது. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். எங்களோடு இன்னும் மூன்று பெற்றோர்.

அடியில் ஒரு சின்ன இரும்புக் கதவு. உள்ளே காலை வைப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு சிவப்புப் பூட்டு கொடுத்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் மின்சாரப் பெட்டி. அதன் பெரிய சுவிட்சை அணைத்து, யாரும் போட முடியாதபடி ஒரு கொக்கி மாட்டியிருந்தது. மேலே வேலை செய்கிறவர்களின் பூட்டுகள் ஏற்கெனவே அதில் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச்சீட்டு. என் சீட்டில் 'சாராள்' என்று நானே எழுதி, நானே பூட்டினேன்.

"உள்ள போற ஒவ்வொருத்தருக்கும் ஒரு பூட்டு. பூட்டும் உங்களோடது, சாவியும் உங்களோடது. வெளிய வந்ததும் நீங்களே கழட்டணும். கடைசிப் பூட்டு கழர்ற வரைக்கும் சுவிட்சு மேல போகாது" என்றார் ஆவுடையப்பன் சார்.

"எங்க வீட்டு பீரோவுக்குக்கூட இம்புட்டுப் பூட்டு கெடையாது" என்றார் ஒரு தகப்பனார்.

உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தேன். நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது தெரியும். இது கிணற்றின் அடியில் நின்று மேலே பார்ப்பது. ஆனால் மேலே வானம் இல்லை. ஓர் ஏணி, அதன் பக்கத்தில் விளக்குகள், விளக்கு சின்னதாகிச் சின்னதாகி ஒரு புள்ளியாகி, அதற்கு மேல் இருட்டு. மேலே யாரோ பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று புரியவில்லை, குரல் மட்டும் சுவரைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்தேன். காத்தாடி நின்றுதான் இருந்தது. ஆனால் சுவர் நடுங்கியது. மேலே எங்கேயோ இருக்கும் காற்று, இரும்பு வழியாக இறங்கி என் கைக்கு வந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெஞ்சில் கை வைத்தால் அப்படி இருக்கும்.

பிறகு பிள்ளைகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் வார் மாட்டினார்கள். ஏணியில் முதல் இரும்புத் தட்டு வரை ஏறலாம், விருப்பமிருந்தால். கெசியா முதல் ஆளாகப் போய் நின்றாள்.

நான் சீக்கிரம் கிளம்பிவிட்டேன். பால்காரர் வரும் நேரம்.

ஜூன் 5, வியாழன்

இன்று நடந்ததை முழுவதும் எழுத வேண்டும்.

காலையிலேயே காற்று எழுந்துவிட்டது. இத்தனை நாள் வராத காற்று ஒரே மூச்சில் வந்தது. அங்கன்வாடி ஓட்டில் புளியமரக் கிளை உரசிக்கொண்டே இருந்தது. பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் நாள். ஒரு பிள்ளையும் தராசில் நிற்கவில்லை, எல்லாம் ஜன்னலுக்கு ஓடின. தெற்கே அத்தனை காத்தாடிகளும் சுற்றின. மதியம் முட்டை கொடுத்து, தூங்க வைத்து, கைப்பேசியை ஓசையில்லாமல் வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தேன். எல்லாம் சுற்றுகையில் ஆவரைகுளம் பாதையில் மட்டும் ஒன்று நின்றது. நேற்று நான் போன அதே காத்தாடி.

உதவியாளர் சுயம்புக்கனியிடம் சொன்னேன்: "பாரு, ரெண்டு நாளா ரிப்பேர் பாக்காங்க, இன்னும் ஓடல. இந்த மெஷினை நம்பித்தான் என் மக ஏறணுமாம்." அவளும் ஆமாம் போட்டாள். இரவு அத்தானிடமும் இதையே சொல்லி, முன்பணத்தைக் கட்டிவிடலாம் என்று சொல்வதாக இருந்தேன். உண்மையில் மனதில் ஒரு நிம்மதி வந்திருந்தது.

நாலு மணிக்கு மேல் ஆவுடையப்பன் சார் பைக்கில் வந்து இறங்கினார். தலைமுடி முழுக்க மண்.

"டீச்சர், எத்தன தடவ போன் போட்டேன். உங்க சாவி வேணும்."

எந்தச் சாவி என்று கேட்டேன். கேட்டு முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. பர்சைத் திறந்தேன். வீட்டுச் சாவி, பீரோ சாவி, அங்கன்வாடிச் சாவி, அவற்றோடு ஒரு சின்னச் சாவி. எந்தச் சாவி கையில் வந்தாலும் வளையத்தில் கோத்துப் பர்சில் போட்டுத்தான் எனக்குப் பழக்கம். வேலை காலை பதினோரு மணிக்கே முடிந்துவிட்டதாம். எல்லோரும் இறங்கித் தங்கள் பூட்டைக் கழற்றியாகிவிட்டது. கொக்கியில் ஒரே ஒரு பூட்டு, 'சாராள்'.

சாவியை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீங்கதான் வரணும்" என்றார்.

சுயம்புக்கனியிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு பைக்கில் உட்கார்ந்தேன். போகும் வழியில் மற்றதைச் சொன்னார். காத்தாடிக்குச் சொந்தக்காரக் கம்பெனியிலிருந்து நாலைந்து தடவை கூப்பிட்டுவிட்டார்களாம். வருடத்தின் முதல் நல்ல காற்று, ஒரு காத்தாடி சும்மா நிற்கிறது, பூட்டை வெட்டிவிட்டு ஓட்டு என்று சத்தம். இவர் மாட்டேன் என்றிருக்கிறார். அங்கே வேலை பார்த்த மற்றவர்களும் மாட்டேன் என்றிருக்கிறார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "நான்தான் வீட்டுக்குப் போயிட்டேன்னு உங்களுக்குத் தெரியுமே சார். வெட்ட வேண்டியதுதானே?"

அவர் பைக்கை நிறுத்தவில்லை. காற்றில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "தெரியும் டீச்சர். ஆனா பூட்டு தொங்குனா ஆள் உள்ள இருக்குன்னுதான் கணக்கு. நீங்க வீட்டுல தோசை சுட்டாலும் எங்களுக்கு நீங்க உள்ளதான் இருக்கீங்க. இன்னைக்கு உங்க பூட்ட வெட்டுனா கை பழகிரும். நாளைக்கு உண்மையிலேயே உள்ள இருக்கவன் பூட்டையும் வெட்டிருவோம்."

காத்தாடியடியில் வேலைக்காரர்கள் ஐந்து பேர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் மட்டும், "நல்லவேளை டீச்சர், நீங்க ஊருக்குப் போயிருந்தா நாங்க தீபாவளிய இங்கதான் கொண்டாடணும்" என்றார்.

மின்சாரப் பெட்டியருகே போனேன். அந்தப் பூட்டு எங்கள் வீட்டு உண்டியல் பூட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதைத் திறந்து எடுத்தேன். என்னைத் தூரமாக வந்து நிற்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காத்தாடியின் தலை மெதுவாகக் காற்றின் பக்கம் திரும்பியது. ஓர் இறக்கை கீழே வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. அதன் நிழல் வயலைக் கடந்து என் மேல் விழுந்து போனது. அடுத்தது. அதற்கு அடுத்தது. பிறகு நிழலை எண்ண முடியவில்லை. மூச்சு விடுவது போன்ற ஓசை, தரை வழியாகக் காலில் ஏறியது.

இதைத்தான் என் பூட்டு அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தது. காற்றை, கம்பெனியை, அந்த ஆட்களை எல்லாம். நான் உள்ளே இல்லாதபோதே.

வீட்டுக்கு வந்ததும் கெசியா சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நேற்று அவள் முதல் தட்டுக்கு ஏறி, திரும்பிப் பார்த்து, என்னைத் தேடினாளாம்.

ஜூன் 6, வெள்ளி

அவர் கூப்பிட்டார். நாளை முன்பணம் கட்டும் கடைசி நாள். முடிவு சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் பூட்டுக் கதையைச் சொன்னேன். வேறு எதையும் சொல்லவில்லை. சிரிப்பார் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். காணொளி அழைப்புதான். அவர் எப்போதும் வலது கையில் கைப்பேசியைப் பிடித்திருப்பார், முகம் மட்டும் தெரியும்.

"அந்தப் பூட்ட வேற யாரும் தொறக்கலியா?"

"இல்ல."

"கம்பெனிக்காரன் சத்தம் போட்டும்?"

"போட்டும். அஞ்சு ஆளு நெழல்ல உக்காந்திருந்தாங்க."

கைப்பேசியை எதன் மேலோ சாய்த்து வைத்தார். அவருடைய இடது கையும் திரையில் தெரிந்தது. பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு சொன்னார்: "அன்னைக்கு நான் மெஷினுக்கு உள்ள இருக்கேன்னு அவனுக்குத் தெரியாது சாராளு. புதுசா வந்தவன். சுவிட்சப் போட்டுட்டான். ஆஸ்பத்திரியில என்னையவிட அவன்தான் அழுதான்."

இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் காயத்தோடு ஊருக்கு வந்து மூன்று மாதம் இருந்தபோது, கைக்கட்டை நான்தான் தினமும் மாற்றினேன். இடது கையில் மூன்று விரல் போய்விட்டது. எப்படி நடந்தது என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவருக்கு நான் செய்யும் உதவி என்று நினைத்திருந்தேன்.

"மெஷின்னா எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சேன்" என்றார். "பிள்ள பக்கத்துலயே போகக் கூடாதுன்னு நெனச்சேன். அந்த வாத்தியாருக்கிட்ட ஒண்ணு கேளு. கெசியாவுக்கும் அப்படி ஒரு பூட்டு குடுப்பாங்களா? பேரெழுதி?"

"முதல் நாளே குடுப்பாங்களாம்."

"அப்பம் சேத்து விடு."

குஜராத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்று சொன்னேன். அவர் சிரித்தார். "நான் மட்டும் என்ன பக்கத்துத் தெருவுலயா இருக்கேன்?"

அழைப்பு முடிந்த பிறகும் அந்தப் பக்கத்துத் தெருப் பேச்சு என்னிடமே இருக்கிறது. அது அவருக்கு ஆறுதல், எனக்கு இனித் தூரத்தில் இரண்டு பேர். கெசியா உள்ளறையில் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 7, சனி

அத்தானிடம் நேரில் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்லிய குரலில், "அங்க பத்தாவது பெயிலானவன்கூட சேரலாம்னா, எஞ்சினியரிங் முடிச்சவன் சேர முடியாதா?" என்று கேட்டார். விசாரிக்கிறேன் என்றேன். பிரின்ஸின் பெயரை இருவருமே சொல்லவில்லை.

ஜூன் 30, திங்கள்

முதல் வாரம் முடிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லோரும் பிள்ளைகள் ஏறுவதைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் போனோம். முதல் மாதம் யாரும் முதல் தட்டுக்கு மேல் ஏறுவதில்லையாம். முதலில் இறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் ஆவுடையப்பன் சார். மேலே கூட வேலை செய்கிறவருக்கு ஏதாவது ஆனால், அவரைக் கயிற்றில் கட்டிப் பத்திரமாகக் கீழே விடுவது. அது தெரியாதவருக்கு உச்சிக்கு ஏற உரிமை இல்லை.

கொட்டகைக்குள் இரும்புச் சட்டத்தில் ஒரு தட்டு கட்டியிருக்கிறார்கள். மாடி உயரம் இருக்கும். பிள்ளைகள் ஒவ்வொருவராக, மணல் நிரப்பிய சாக்கைக் கயிற்றில் மாட்டிக் கீழே இறக்கினார்கள். இரண்டு சாக்கு தரையில் மோதியது. மோதினால் மறுபடி முதலிலிருந்து.

கெசியாவின் முறை வந்தபோது சாக்கின் தையல் பிரிந்து மணல் கொட்டிவிட்டது. வேறு சாக்கு எடுத்து வர நேரமாகும் என்றார்கள். அந்த நேரம் வீணாகப் போகிறதே என்றுதான் கேட்டேன், சாக்குக்குப் பதில் நான் வரட்டுமா என்று. வேறு ஒன்றும் இல்லை.

ஆவுடையப்பன் சார் என்னைப் பார்த்தார். பிறகு கெசியாவைப் பார்த்தார். "முடியுமா?" என்று அவளிடம்தான் கேட்டார். அவள் தலையசைத்தாள். சேலைக்குப் பதிலாகக் கெசியாவின் மாற்றுச் சட்டையையும் கால்சட்டையையும் என்னைப் போடச் செய்து, வார் மாட்டினார்கள். ஒவ்வொரு கொக்கியையும் அவளே இழுத்துப் பார்த்தாள், பிறகு அவர் இழுத்துப் பார்த்தார். இரண்டாவது கயிறு ஒன்றைத் தன் கையில் வைத்துக்கொண்டார். ஏணியில் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்றேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

தட்டின் விளிம்பில் கெசியா என்னை உட்கார வைத்தாள். கால் கீழே தொங்கியது. கீழே மற்ற பெற்றோர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிறு என் நெஞ்சுக்கு முன்னால் விறைத்து நின்றது. எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் என் இரண்டு கையும் கம்பியைப் பிடித்திருந்தன. விடச் சொன்னால் விடவில்லை. அவை என் கையே இல்லை போல இருந்தது.

கெசியா என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள். அவளுடைய மூச்சில் அவசரம் இல்லை. பிறந்த அன்று இந்த மூச்சைத்தான் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

"எம்மா, உன் பாரம் பூராவும் இப்பம் என்கிட்டதான் இருக்கு. கைய விடும்மா."

விட்டேன்.

விழவில்லை. அந்தரத்தில் தொங்கினேன், ஒன்றையும் பிடிக்காமல். பிறகு கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கொட்டகையின் தகரக் கூரை மேலே போனது. கூரை ஓட்டைகள் வழியாக வெயில் நூல் நூலாக விழுந்தது, அதற்குள் தூசி மிதந்தது. நிமிர்ந்தேன். தட்டின் விளிம்பில் என் மகளின் முகம். அவள் என்னைப் பார்க்கவில்லை, கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு இறுகியிருந்தது. பதினெட்டு வருடம் நான் தூக்கிய பிள்ளை. அந்த முகத்தை நான் அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

தரையில் கால் பட்டது தெரியவே இல்லை. அவ்வளவு மெதுவாக இறக்கியிருக்கிறாள். எல்லோரும் கைதட்டினார்கள். "அதுக்குள்ளயா?" என்று நான் கேட்டேனாம். எனக்கு நினைவில்லை. கெசியாதான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.